புகைப்படமும் பெயரும்: உடைமை, உழைப்பு, பொதுமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

எமது சஞ்சிகைகளிலும் இணையவழி வெளியாகும் கட்டுரைகளிலும் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. கட்டுரையோடு ஒரு புகைப்படம் சேர்க்கப்படுகின்றது. அதன் கீழே ‘நன்றி: இணையம்’ என்று அச்சிடப்படுகின்றது. ஒரு கவிதை வரியைக் கவிஞனின் பெயரின்றி எடுத்தாள்வதைக் கண்டிக்கும் ஆய்வாளர்கள்கூட இவ்வழக்கத்தினைப் பிழையாகக் கருதுவதில்லை. இணையம் படம் எடுப்பதில்லை. ஏட்டுச் சுவடியைப் பிரதிசெய்து விட்டு ‘நன்றி: பனையோலை’ என்று எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இதனை வெறும் கவனக்குறைவாகவோ நாகரிகக் குறைபாடாகவோ கொள்ளுதல் பொருந்தாது. புகைப்படம் தன்னைத் தானே உண்டாக்கிக் கொள்வது, அதன்பின்னே மனித உழைப்பு எதுவுமில்லை என்ற கருத்துநிலை ஒன்று இவ்வழக்கத்தின் அடியிலே கிடக்கின்றது. அக்கருத்துநிலைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு புகைப்படத்துறையில் ஏற்பட்ட உற்பத்தி உறவுகளின் வரலாற்றோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்துள்ளது. விலையின்றிப் பயன்படுத்துவதற்கு அனுமதிக்கப்பட்ட இலட்சக்கணக்கான படங்கள் இன்று எவர்க்கும் எட்டும் நிலையில் உள்ளன. அவற்றை எவ்வாறு தேடுவது, எவ்வாறு உரியோர் பெயரைக் குறிப்பது என்னும் நடைமுறை வினாக்களுக்கு விடை காண்பதற்கும் இவ்வரலாற்றினை நோக்குதல் அவசியமாகும்.

2

1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் திகதி பாரிஸ் நகரிலே டாகேரின் புகைப்பட முறை பகிரங்கப்படுத்தப்பட்டது. டாகேருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்கும், அவரது முன்னாட் பங்காளியான நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஓய்வூதியமாக வழங்கி, பிரெஞ்சு அரசாங்கம் அக்கண்டுபிடிப்பினை உலகிற்கு இலவசமாக அளித்ததாக அறிவித்தது. ஆயின், அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே, ஆகஸ்ட் 14ஆம் திகதி, அதே முறைக்கு இங்கிலாந்திலே தனியுரிமைப் பத்திரம் பெறப்பட்டிருந்தது. கைத்தொழிலில் முன்னணியில் நின்ற நாட்டில் மாத்திரம் அந்த ‘உலகப் பரிசு’ விலைக்கு விற்கப்பட்டது. புகைப்படத்தின் பொதுமையும் தனியுடைமையும் ஒரே வாரத்திற் பிறந்த இரட்டையர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இங்கிலாந்தில் டால்பொற் தமது முறைக்கு 1841இல் தனியுரிமை பெற்றார். 1851இலே பிரெட்ரிக் ஸ்கொற் ஆர்ச்சர் என்பவர் ஈரக் கொலோடியன் முறையை எவ்வித தனியுரிமையும் கோராது வெளியிட்டார். அதுவும் தமது உரிமைக்குள் அடங்கியதே என்று டால்பொற் வாதிட்டார். 1854ஆம் ஆண்டு வழக்கிலே யூரிகள் அதனை ஏற்க மறுத்தனர். அதன் பின்னர் ஆர்ச்சரின் முறையே உலகெங்கும் பரவி, கூடங்கள் பலவற்றைச் செல்வத்திற் கொழிக்கச் செய்தது. ஆர்ச்சரோ 1857இல் வறுமையில் இறந்தார். பொதுவுக்கு அளிக்கப்பட்ட உழைப்பு, சமுதாய உறவுகள் மாறாதிருக்கும்வரை, மூலதனத்தின் இலவச மூலப்பொருளாக மாறுவதற்கு இது ஆரம்பகால உதாரணமாகும்.

புகைப்படங்களின் உடைமை பற்றிய வினாவும் விரைவிலே எழுந்தது. பிரெஞ்சு மார்க்சியச் சட்ட அறிஞரான பெர்னார் எடெல்மன் 1973இல் வெளியிட்ட நூலிலே இதனை நுணுக்கமாக ஆராய்ந்துள்ளார். அவரது வாதத்தின் சாரம் இதுதான்: புகைப்படக்காரன் சிறு கைவினைஞனாக இருந்தவரை, சட்டம் அவனை யந்திரத்தின் ஒரு பகுதியாகவே கண்டது, இயற்கையைப் பிரதிபண்ணும் பொறிக்கு ஆன்மா இல்லை, ஆதலால் ஆக்கியோனும் இல்லை என்றது. புகைப்படம் பெரும் வணிகமாக வளர்ந்து, முதலீட்டுக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டபோது, அதே சட்டம் யந்திரத்தின் பின்னே ஒரு ‘படைப்பாளி’யைக் கண்டுபிடித்தது. கவூர், பாமர்ஸ்ரன் ஆகிய அரசியல்வாதிகளின் உருவப் படங்கள் தொடர்பாக மேயர்–பியர்சன் நிறுவனத்தார் தொடுத்த வழக்கிலே, புகைப்படமும் கலையாக இருத்தல் கூடும் என்று 1862ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் பிரெஞ்சு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படங்களையும் உள்ளடக்கியது. அமெரிக்க உயர்நீதிமன்றம் 1884இலே சறோனி வழக்கில் இதே முடிவுக்கு வந்தது. ஒஸ்கார் வைல்டின் உருவப்படம் ஒன்றை ஓர் அச்சு நிறுவனம் 85,000 பிரதிகள் அச்சிட்டமையே அவ்வழக்கின் காரணம். கலைஞனின் ஆன்மாவை நீதிபதிகள் உணர்ந்தமைக்கு இந்த எண்ணிக்கையும் காரணமாகும் எனலாம்.

எனினும், அச்சட்டங்கள் போற்றிய ‘ஆக்கியோன்’ யார்? 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் இவ்வினாவிற்கு ஒளிவுமறைவின்றி விடையளித்தது. படம் எடுக்கப்பட்ட வேளையில் மூல எதிர்ப்படத்திற்கு எவன் சொந்தக்காரனோ அவனே அப்படத்தின் ஆக்கியோன் என அது விதித்தது. கமெராவைப் பிடித்த கை எவருடையதாகவும் இருக்கலாம். கண்ணாடித் தகட்டின் உரிமையாளனே படைப்பாளி. உடைமையிலிருந்து படைப்பு பிறக்கின்றது என்ற முதலாளித்துவத் தலைகீழ்த் தருக்கம் இத்துணை வெளிப்படையாகச் சட்டவாசகமாக எழுதப்பட்டமை அபூர்வம். அச்சட்டம் இலங்கையிலும் 1979ஆம் ஆண்டின் புலமைச் சொத்துக் கோவை வரும்வரை நடைமுறையில் இருந்தது.

3

எமது நாட்டோடு நேரடித் தொடர்புடைய ஒருவரின் வரலாறு இவ்விடத்திலே நோக்கத்தக்கது. ஜூலியா மார்கிரட் கமரன், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் புகைப்படக் கலையின் முதன்மையானவருள் ஒருவர். அவருடைய கணவரான சார்ள்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டின் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின் மூலம் எமது பாடநூல்களில் இடம்பெற்றவர். இலங்கையிலே கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளராகவும் விளங்கியவர். ராஜகாரிய முறையின் ஒழிப்புக்கு வழிவகுத்த விசாரணையின் பங்காளியே, கூலியுழைப்பிற் கட்டப்பட்ட பெருந்தோட்டத்தின் சொந்தக்காரராகவும் ஆகியமை தற்செயலன்று. ஒரே வரலாற்று மாற்றத்தின் இரு பக்கங்கள் அவை.

கமரன் அம்மையார் தமது பெயரின் மதிப்பினை நன்கறிந்தவர். 1864க்கும் 1875க்கும் இடையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தமது பெயரிற் பதிவுசெய்தார். டெனிசன், டார்வின், ஹேர்ஷல், கார்லைல் முதலியோரின் படங்கள் அவர்களுடைய பெயர்களாலேயே இன்றும் அறியப்படுகின்றன. அதே வேளையில், அவருடைய வீட்டுப் பணிப்பெண்ணான மேரி ஹில்லியர், கன்னி மரியாளாகவும் காவிய மாந்தராகவும் பல படங்களிலே தோற்றினாள். அவளது பெயர் அப்படங்களின் தலைப்பில் இல்லை.

1875இலே கமரன் குடும்பத்தினர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். களுத்துறையிலும் மலைநாட்டுத் தோட்டத்திலும் அம்மையார் எடுத்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவற்றிலே தோட்டத் தொழிலாளர்களும் கிராமத்தவரும் காணப்படுகின்றனர். அவர்களைக் குறிக்கும் தலைப்புகள் ‘தோட்டத் தொழிலாளி’, ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்னும் வகையினவே. டார்வினுக்குப் பெயர், தொழிலாளிக்கு இனமும் தொழிலும். அம்மையார் 1879 ஜனவரியில் இறந்து பொகவந்தலாவையிலே அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறையிலே பெயர் உண்டு. அவர் முன்னே அசையாது நின்றவர்களின் பெயர்கள் எங்குமில்லை.

அவரைத் தொடர்ந்து கொழும்பு, கண்டி ஆகிய நகரங்களில் இயங்கிய வணிகக் கூடங்கள் இதனைப் பெருமளவிற் செய்தன. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண், கூலிகள், தமிழ்ப் பெண் எனத் தலைப்பிடப்பட்ட படங்கள் உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்பட்டன. கூடத்தின் பெயர் படத்தின் மூலையிற் பொறிக்கப்பட்டது. படத்தின் நடுவில் இருந்தவளின் பெயர் பொறிக்கப்படவில்லை. பெயர் என்பது உடைமையைத் தொடர்ந்து சென்றது. உழைப்பைத் தொடர்ந்து செல்லவில்லை.

4

இப்பெயரின்மையைத் தத்துவ வினாவாக எழுப்பியவர் வால்ரர் பென்ஜமின். 1931இல் எழுதிய புகைப்பட வரலாறு பற்றிய கட்டுரையிலே, ஸ்கொத்லாந்தின் நியூஹேவன் கிராமத்து மீன்காரி ஒருத்தியின் படத்தை அவர் எடுத்துக்காட்டுகின்றார். ஓவியத்தில் உள்ள முகம் காலப்போக்கில் ஓவியனின் திறமைக்குச் சான்றாக மாத்திரம் எஞ்சுகின்றது. புகைப்படத்தில் உள்ள முகமோ முன்பு வாழ்ந்தவள் யார் என்று கேட்டு எம்மை விடாது நெருக்குகின்றது என்பது அவரது அவதானிப்பின் சாரம். அப்பெண் எலிசபெத் ஜோன்ஸ்ரன் ஹோல் என்பவளாக இன்று அடையாளம் காணப்படுகின்றாள். அதாவது, பெயர் மீட்கப்படக் கூடியதே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அப்படங்கள் நெடுங்காலம் ஓவியரான ஹில்லின் பெயரிலேயே வழங்கின. கமெராவையும் இரசாயனத்தையும் கையாண்ட இளைஞரான றொபேட் அடம்சனின் பெயர் பின்னொதுக்கப்பட்டிருந்தது. கருத்துழைப்பாளியின் பெயர் நின்றது. கையுழைப்பாளியின் பெயர் தேய்ந்தது.

இருபதாம் நூற்றாண்டிலே இம்முரண்பாடு மேலும் கூர்மையடைந்தது. 1936 மார்ச் மாதம் கலிபோர்ணியாவின் நிப்போமோ என்னுமிடத்திலே, பட்டாணி பறிக்கும் இடம்பெயர் தொழிலாளரின் முகாமில், டொறத்தியா லாங் ஒரு தாயைப் படம் எடுத்தார். லாங் அப்போது அமெரிக்க அரசின் சம்பள ஊழியர். ஆதலால் அப்படம் தொடக்கத்திலிருந்தே பொதுக்களத்துக்குரியது. உலகிலே மிக அதிகமாகப் பிரதிசெய்யப்பட்ட படங்களுள் அதுவும் ஒன்று. லாங் அத்தாயின் பெயரைக் கேட்கவில்லை. 1978இலேதான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது வெளிப்பட்டது. அவர் செரோக்கி இனத்தவர் என்பதும் அதன் பின்னரே பரவலாக அறியப்பட்டது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிட்டவில்லை என்று அவர் மனக்கசப்புடன் கூறினார். 1983இல் அவர் நோயுற்றுக் கிடந்தபோது மருத்துவச் செலவுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டவேண்டியிருந்தது. பொருளாதார நெருக்கடியின் சின்னமாக உலகம் அறிந்த முகத்துக்கு, இறுதிக் காலத்திலும் பிறரின் உதவி தேவைப்பட்டது.

இதற்கு மறுபுறமாக அமைவது அல்பேர்ட்டோ கோர்டாவின் அனுபவம். 1960 மார்ச் 5ஆம் திகதி ஹவானாவிலே அவர் எடுத்த சே குவேராவின் படத்தை, 1967இல் இத்தாலியப் பதிப்பாளர் பெல்ற்றிறினெல்லி பெற்றுச் சென்றார். சேயின் மரணத்தின் பின் அது சுவரொட்டியாக உலகெங்கும் பரவியது. கோர்டாவுக்குப் பணமும் கிட்டவில்லை, நெடுங்காலம் பெயரும் கிட்டவில்லை. சே எதற்காக இறந்தாரோ அதற்காக அப்படம் பயன்படுவதை அவர் எதிர்க்கவில்லை. ஆனால், ஒரு மதுபான விளம்பரத்தில் அது பயன்படுத்தப்பட்டபோது, 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். இணக்கத் தீர்வாகக் கிடைத்த 50,000 டொலரைக் கியூபாவின் மருத்துவத் துறைக்கு அளித்தார். விலையைத் துறந்தவர் பெயரையும் நோக்கத்தையும் துறக்கவில்லை என்பதே இங்கு முக்கியம்.

5

கோர்டாவின் நிலைப்பாட்டிற்கு ஒத்த கருத்தொன்று நமது காலத்திலே சட்ட வடிவம் பெற்றுள்ளது. பேர்ண் உடன்படிக்கை 1928ஆம் ஆண்டு உரோமாபுரியில் திருத்தப்பட்டபோதே, பொருளியல் உரிமையை விற்றுவிட்ட ஆக்கியோனுக்கும் தன் பெயரைக் கோரும் தார்மிக உரிமை உண்டு என்பது ஏற்கப்பட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அவ்வுரிமையை அங்கீகரிக்கின்றது. 2001இல் நிறுவப்பட்டு, 2002 டிசம்பரில் முதல் உரிமங்களை வெளியிட்ட கிரியேட்டிவ் கொமன்ஸ் அமைப்பு இதனை வேறொரு திசையில் வளர்த்தது. படைப்பாளி தன் உரிமையைக் கைவிடாமலே, முன்கூட்டி எல்லோருக்கும் அனுமதி வழங்குவதற்கு அவ்வுரிமங்கள் வழிசெய்தன.

ஆரம்பத்திலே பெயர் குறிப்பிடல் என்பது விரும்பினால் மாத்திரம் தெரிவு செய்யக்கூடிய நிபந்தனையாக இருந்தது. ஏறத்தாழ எல்லோரும் அதனைத் தெரிவு செய்தமையால், 2004ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலிருந்து அது பொதுவிதியாக்கப்பட்டது. இதனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பணத்தை வேண்டாம் என்றவர்கள் பெயரை வேண்டாம் என்னவில்லை. பண்ட உறவுக்கு வெளியிலும் மனிதர் தம் உழைப்பிலே தம்மைக் காண விழைகின்றனர். உழைப்பின் பயனிலிருந்து அந்நியப்படாதிருக்க விழைகின்றனர். பெயர்க் குறிப்பு அவ்விழைவின் மிகச் சிறிய, ஆயின் மெய்யான சான்றாகும்.

எனினும், இதனைச் சோசலிசத்தின் முன்னறிகுறியாகக் கொண்டாடுவது அவசர முடிவாகும். 1842இலே இளம் மார்க்ஸ் எழுதிய விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய கட்டுரைகள், ஏழைகள் வழக்காறாக அனுபவித்த பொதுமை எவ்வாறு வேலியடைக்கப்பட்டது என்பதைக் காட்டின. இன்றைய பொதுமைக்கும் வேலிகள் உண்டு. காங்கிரஸ் நூலகத்திற்குத் தமது படங்களை அன்பளிப்புச் செய்த கரொல் ஹைஸ்மித் என்னும் புகைப்படக் கலைஞருக்கு, அவர் எடுத்த படத்தையே அவர் பயன்படுத்தியமைக்காக 120 டொலர் செலுத்துமாறு ஒரு படவிற்பனை முகவரமைப்பு கடிதம் அனுப்பிற்று. 2016இல் அவர் தொடுத்த வழக்கின் பெரும்பகுதியை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2019இல், திறந்த உரிமத்தில் விடப்பட்ட ஏறத்தாழப் பத்து இலட்சம் முகப்படங்கள் முகங்காண் பொறிகளைப் பயிற்றுவதற்கான தொகுதியொன்றிற் சேர்க்கப்பட்டமை வெளிச்சத்துக்கு வந்தது. உரிமம் புகைப்படக்காரனின் அனுமதியை மாத்திரமே தருகின்றது. படத்தில் உள்ளவரின் அனுமதி அதில் அடங்குவதில்லை. கமரன் அம்மையாரின் தோட்டத் தொழிலாளி நின்ற இடத்திலேதான் அவர்கள் இன்னும் நிற்கின்றனர்.

6

இவ்வரலாற்றிலிருந்து எமது நடைமுறைக்குப் பெறப்படுவன யாவை?

முதலாவது, தேடல். தேடுபொறி ஒன்றிற் கண்ணிற்பட்ட படம் திறந்த உரிமம் உடையதென்று கருதலாகாது. தேடுபொறி வழிகாட்டியே அன்றி மூலமன்று. 2004இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம், காங்கிரஸ் நூலகம், 2013 முதல் படங்களைத் திறந்துவிட்ட கெற்றி அருங்காட்சியகம், 2017இலே மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை விடுவித்த நியூயோர்க் மெற்ரோபொலிற்றன் அருங்காட்சியகம் ஆகியவற்றிலே ஒவ்வொரு படத்திற்கும் தனியே உரிமைக் குறிப்பு உண்டு. அதனை வாசித்தல் முதற் கடமை. பதிவேற்றியவர்தாமா படம் எடுத்தவர் என்பதனையும் ஐயுறுதல் வேண்டும். பிறர் படத்தைத் தம்முடையதாகப் பதிவேற்றுவோர் உளர். சுவடியின் பாடபேதங்களை ஒப்புநோக்கும் அதே மூலபாடத் திறனாய்வு இங்கும் வேண்டப்படுகின்றது.

இரண்டாவது, உரிமத்தின் வகை. சில உரிமங்கள் பெயர் குறிப்பிடலை மாத்திரம் கோருவன. சில, மாற்றியமைக்கப்பட்ட ஆக்கத்தையும் அதே உரிமத்தில் விடுமாறு கோருவன. சில வணிகப் பயனைத் தடுப்பன. சில மாற்றத்தைத் தடுப்பன. விற்பனைக்கு வரும் சஞ்சிகைகள் மூன்றாம் வகையைத் தவிர்த்தல் நன்று. பக்க அமைப்புக்காகப் படத்தை வெட்டுவோர் நான்காம் வகையை விட்டு விலகுதல் நன்று.

மூன்றாவது, குறிப்பு. ஆக்கியோன் பெயர், படத்தின் தலைப்பு, மூலம், உரிமம், செய்யப்பட்ட மாற்றம் ஆகியன படத்தின் அருகிலே இடம்பெறல் வேண்டும். பொதுக்களத்துப் படங்களுக்குச் சட்டம் இதனைக் கோராவிடினும் ஆய்வுநேர்மை கோருகின்றது. இவற்றோடு நான் மேலும் ஒன்றைச் சேர்க்க விரும்புகின்றேன்: படத்தில் இருப்பவர். லாங்கின் படத்திற்கான குறிப்பு பின்வருமாறு அமையலாம்:

புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சனும் பிள்ளைகளும், நிப்போமோ, கலிபோர்ணியா, 1936. புகைப்படம்: டொறத்தியா லாங். மூலம்: காங்கிரஸ் நூலகம். பொதுக்களம். ஓரங்கள் வெட்டப்பட்டுள்ளன.

பெயர் தெரியாதவிடத்து, ‘பெயர் பதியப்படாத தோட்டத் தொழிலாளி’ என்று எழுதுவோம். ‘தமிழ்க் கூலி’ என்ற பழைய தலைப்பை அப்படியே மறுபிரசுரம் செய்வது அக்காலத்து வன்முறையை மறுபிரசுரம் செய்வதாகும். அதனை மௌனமாக நீக்கிவிடுவதோ அவ்வன்முறையின் சான்றினை அழிப்பதாகும். பழைய தலைப்பு எத்தகையது என்பதைக் கூறி, பெயர் பதியப்படாமையையும் கூறுதலே வரலாற்று நேர்மை. ஆனால், வாழும் ஒருவரின் பெயரை வெளியிடுவதால் அவருக்குத் தீங்கு நேருமாயின், அவரது விருப்பமே முதன்மை பெறும். பெயரைக் கேட்பதும் மரியாதை. வேண்டாமென்றால் விட்டுவிடுவதும் மரியாதை.

1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதன் பின், ஒரே பிரதியை நம்பியிருக்கும் சமூகத்தின் நிலை என்னவென்பதை நாம் பட்டறிந்தோம். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் அப்பட்டறிவின் பேறாகும். திறந்த உரிமத்திலே பல்கிப் பரவும் படம் எளிதில் எரிக்கமுடியாத படம். ஆனால், எடுத்தவர், இடம், காலம், இருப்பவர் ஆகிய விபரமின்றிப் பரவும் படம் சான்றாகாது; அது எவரும் எப்பொய்க்கும் பயன்படுத்தக்கூடிய வெற்றுருவம். ஆதலால், எம்மிடையே படம் எடுப்போர் தம் படங்களைத் திறந்த உரிமத்தில் விடுமாறும், அவ்வாறு விடுகையில் இவ்விபரங்களையும் சேர்த்து விடுமாறும் தூண்டுதல் எமது கடமையாகும்.

மலையகத் தோட்டங்களிலே ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. நாட்சம்பளத்தையே அவர்கள் ‘பேர்’ என்பர். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்குக் கணக்கப்பிள்ளை ‘அரைப் பேர்’ போட்டால், அவளுக்குப் பாதிச் சம்பளமே கிடைக்கும். பெயரும் உழைப்பின் மதிப்பும் ஒன்றென்பதை ஏட்டறிவில்லாத அம்மக்களின் மொழி சட்டநூல்களுக்கு முன்பே உணர்ந்திருந்தது. தோட்டத்துச் செக்றோலிலே அவளது பெயர் இருந்தது. சம்பளத்தை வெட்டுவதற்காவது இருந்தது. படத்தின் கீழே அதுவுமில்லை. ‘நன்றி: இணையம்’ என்று எழுதும் ஒவ்வொரு தடவையும், நாமும் அக்கணக்கப்பிள்ளையின் பேனாவையே எடுத்துக்கொள்கின்றோம். அவனாவது அரைப் பேர் போட்டான்.